கொழுப்புக் கட்டிதான் சார், விட்டுடுங்க

நாய் வளர்க்கிற எல்லாருக்கும் ஒரு நாள் இது நடக்கும். சாயங்காலம் சும்மா உக்காந்து முதுகைத் தடவிக் கொடுத்துக்கிட்டு இருப்போம். கையில ஏதோ ஒண்ணு தட்டுப்படும். ரெண்டு விரலால பிடிச்சுப் பார்த்தா உருளும். இது நேத்து இருந்துச்சா, போன மாசம் இருந்துச்சா, ஒண்ணும் ஞாபகத்துக்கு வராது. அது பாட்டுக்கு வாலை ஆட்டிக்கிட்டு இருக்கும். நமக்குத்தான் வயித்தைக் கலக்கும்.

அதுக்கப்புறம் நாம போய்ச் சேர்றது ரெண்டு கட்சியில ஒண்ணு. முதல் கட்சி: "கொழுப்புக் கட்டிதான் சார், வயசானா வரும், விட்டுடுங்க." ரெண்டாவது கட்சி: "எதுக்கு வம்பு, உடனே அறுத்து எடுத்துடுங்க." ரெண்டு கட்சியிலயும் டாக்டர்கள் உண்டு, வாக்கிங் வர்ற மாமாக்கள் உண்டு, நம்ம வீட்டுப் பெரியவங்களும் உண்டு. நான் மூணாவது கட்சி. கட்டிக்குள்ள ஒரு ஊசியை விட்டுப் பார்க்காம இந்த ரெண்டு பேருமே வாயைத் திறக்கக் கூடாதுங்கறது என் கட்சிக் கொள்கை. ஆள் பலம் கம்மிதான், ஆனா கொள்கையில உறுதியா இருக்கோம் :-)

ஊசின்னதும் பயந்துடாதீங்க. தடுப்பூசி போடுற மாதிரியான சாதாரண ஊசிதான், 22 அல்லது 23 கேஜ். கட்டிக்குள்ள குத்தி, நாலஞ்சு தடவை முன்னும் பின்னும் அசைச்சு, உள்ள வர்ற கொஞ்சூண்டு சரக்கைக் கண்ணாடி ஸ்லைடுல தெளிச்சு, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்புல பார்ப்பாங்க. மனுஷங்களுக்குத் தைராய்டு கட்டிக்கும் மார்புக் கட்டிக்கும் எடுக்கறாங்களே எஃப்.என்.ஏ.சி., அதேதான். மயக்க மருந்து கிடையாது, தையல் கிடையாது. பெரும்பாலான நாய்கள் வாயில ஒரு பிஸ்கட்டைத் திணிச்சா திரும்பிக்கூடப் பார்க்காது. ஆபரேஷன் செலவோட வச்சுப் பார்த்தா இதுக்கு ஆகிற காசு ஒண்ணுமே இல்லை.

இவ்வளவு சுலபமான ஒண்ணை ஏன் யாரும் செய்யறதில்லைங்கறதுதான் என்னோட ஆதங்கம்.

எங்க வீட்டு பீமா கதையைச் சொல்றேன். லேப்ரடார், 11 வயசு. வலது பக்க விலாவுல எலுமிச்சம்பழ சைஸுக்கு ஒண்ணு. முதல்ல போன டாக்டர் அழுத்திப் பார்த்தார். பத்து செகண்டு. "லைப்போமா. விட்டுடுங்க." நிம்மதியா இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பலை. இன்னொருத்தர்கிட்ட போனோம். அவரும் அழுத்திப் பார்த்தார். "இப்பவே 11 வயசு, இன்னும் போனா மயக்க மருந்து தாங்காது. வர்ற வெள்ளிக்கிழமை எடுத்துடலாம்"னு தேதியே குறிச்சுட்டார். பீமாவுக்கு இதயத்துல லேசா ஒரு மர்மர் வேற இருக்கு. மயக்க மருந்து கொடுத்தா எழுந்திருக்குமாங்கற பயம் எங்களுக்கு. எடுக்கலைன்னா புத்துநோயா இருந்துடுமோங்கற பயமும் சேர்ந்துக்கிச்சு. ரெண்டு நாள் வீட்டுல யாரும் சரியா சாப்பிடலை. எங்கம்மா "வாயில்லாத ஜீவனை ஏண்டா நோகடிக்கறீங்க"ன்னு ஒரே புலம்பல்.

அப்பதான் என் மனைவி கேட்டாங்க: "ஏங்க, ரெண்டு டாக்டரும் கையால தொட்டுத்தானே பார்த்தாங்க? அப்புறம் எப்படி ஒருத்தருக்கு ஒண்ணுமில்லாததாவும் இன்னொருத்தருக்கு அவசரமாவும் தெரியுது?"

கேள்வின்னா இது கேள்வி.

மூணாவதா போன இடத்துல ஒரு இளம் டாக்டரம்மா. கட்டியைப் பார்த்ததும் ஒரு அபிப்ராயமும் சொல்லலை. ஊசியை எடுத்தாங்க. ஸ்லைடுல தெளிச்சதும் எங்ககிட்டயே காட்டினாங்க. சமையல் எண்ணெய் சிந்தின மாதிரி மினுமினுன்னு சொட்டு சொட்டா இருந்தது. "பாருங்க சார், இது எவ்வளவு நேரம் வச்சாலும் காயாது, கொழுப்பு"ன்னாங்க. சாயம் போடறதுக்கு முன்னாடி ஸ்லைடை மெத்தனால்ல முக்குவாங்களாம். அதுல கொழுப்பு கரைஞ்சு ஓடிடும், அதனால சில சமயம் ரிப்போர்ட்டுல செல்லே இல்லைன்னு வரும். பீமாவோடதுல கொழுப்புச் செல்கள் கொத்தா மாட்டிக்கிச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அளந்து பாருங்க, திடீர்னு பெரிசானா, கெட்டியானா வாங்கன்னு அனுப்பிட்டாங்க. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் கேன்சல்.

இது வரைக்கும் படிச்சுட்டு "அப்ப முதல் டாக்டர் சொன்னது சரிதானே?"ன்னு கேப்பீங்க. பதில் சரி, ஆனா கணக்குப் போடாம எழுதின பதில். அதுல என்ன ஆபத்துன்னு எதிர் வீட்டு பக் நாயோட கதையைக் கேட்டா புரியும்.

(2003-ல ஹட்ச் விளம்பரத்துல ஒரு சின்னப் பையன் பின்னாடியே ஓடுமே, அந்த ஜாதி. அந்த விளம்பரம் வந்த பிறகுதான் நம்ம ஊர்ல தெருவுக்கு ரெண்டு பக் வந்துச்சு. பாவம், இந்த வெயில்ல அந்தச் சப்பை மூக்கை வச்சுக்கிட்டு மூச்சு விடவே திணறும். அது தனிப் பதிவா எழுத வேண்டிய விஷயம்.)

அதுக்கு 7 வயசு. பின்னந்தொடையில கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு மரு மாதிரி. பார்த்த எல்லாரும் மருன்னுதான் சொன்னாங்க. கொண்டு போய்க் காட்டின இடத்துலயும் தடவிப் பார்த்துட்டு மருன்னுட்டாங்க. எதிர் வீட்டுத் தம்பி ஹோமியோபதி துஜா வாங்கிக் கொடுத்துக்கிட்டு இருந்தார். அது கொஞ்ச நாள் வீங்கும், சிவக்கும். அப்புறம் பழையபடி சுருங்கும். ஒரு தடவை "அண்ணே, கரையுது பாருங்க"ன்னு சந்தோஷமா கூப்பிட்டுக் காட்டினார். அந்தச் சந்தோஷம் இன்னும் என் கண்ணுல நிக்குது. ஏன்னா, அப்படி வீங்கி வீங்கி வடியறதே ஒரு முக்கியமான அடையாளம்னு பின்னாடிதான் எங்க ரெண்டு பேருக்குமே தெரிய வந்துச்சு.

அது மாஸ்ட் செல் கட்டி. உடம்புல அலர்ஜி வந்தா தடிப்பும் அரிப்பும் உண்டாக்கற ஹிஸ்டமின்ங்கற சரக்கைப் பொட்டலம் பொட்டலமா வச்சிருக்கற செல்லுக்குத்தான் மாஸ்ட் செல்னு பேர். அந்தச் செல்லே கட்டியா வளர்றப்ப, கட்டியைத் தொட்டாலோ தேய்ச்சாலோ பொட்டலம் உடைஞ்சு சுத்தி வீங்கும், அப்புறம் வடியும். அதே ஹிஸ்டமின் ரத்தத்துல போய் வயித்துல அமிலத்தைக் கூட்டிப் புண்ணாக்கிடும். பக்குக்கு வாந்தி ஆரம்பிச்சு, மலம் தார் மாதிரி கறுப்பாப் போன பிறகுதான் ஊசி போட்டுப் பார்த்தாங்க. ஸ்லைடு பூரா ஊதா நிறத்துல பொடிப்பொடியா. அதுக்குள்ள நிணநீர்க் கட்டிக்கும் பரவியிருந்துச்சு. நாலு மாசம் இருந்துச்சு. ஸ்கூல் வேன் சத்தம் கேட்டா கேட்டுக்கு ஓடி வர்ற நாய் அது. அந்த வீட்டுப் பொண்ணு ரொம்ப நாளைக்கு வேன்ல இருந்து இறங்கினதும் கீழே குனிஞ்சுக்கிட்டேதான் உள்ள போச்சு.

எலுமிச்சம்பழ சைஸ்ல இருந்தது வெறும் கொழுப்பு. கொண்டைக்கடலை சைஸ்ல இருந்தது எமன். கையால தடவிப் பார்த்து இதை எப்படிங்க சொல்ல முடியும்?

சொல்ல முடியாதுன்னுதான் விஷயம் தெரிஞ்சவங்களே சொல்றாங்க. நாய்த் தோல்ல வர்ற கட்டிகள்ல 16-லிருந்து 21 சதவீதம் வரைக்கும் மாஸ்ட் செல் கட்டின்னு பாடப் புத்தகங்கள்ல இருக்கும். அது மரு மாதிரி வரும், பூச்சிக்கடி மாதிரி வரும், தோலுக்கு அடியில கொழுப்புக் கட்டி மாதிரியே மெத்து மெத்துன்னும் வரும். பகல் வேஷக்காரன். சாஃப்ட் டிஷ்யூ சார்கோமான்னு இன்னொண்ணு, அதுவும் விரலுக்குக் கொழுப்புக் கட்டி மாதிரியே இருக்கலாம். அமெரிக்காவுல சூ எட்டிங்கர்னு ஒரு கால்நடைப் புத்துநோய் மருத்துவர் இதுக்காகவே ஒரு எளிய விதியைப் பரப்பிக்கிட்டு இருக்காங்க. கட்டி பட்டாணி அளவு, அதாவது 1 செ.மீ. இருந்து, ஒரு மாசமாவும் அங்கயே இருந்தா, ஊசி போட்டுப் பாரு. அவ்வளவுதான் விதி.

இப்ப ரெண்டாவது கட்சிக்காரங்க, அதாவது உடனே அறுத்துடு கோஷ்டி, "நாங்கதான் சேஃப்"னு காலரைத் தூக்கி விட்டுக்கலாம். தூக்காதீங்க. கொழுப்புக் கட்டியை எடுக்கறது சுலபம். தோலைக் கீறினா பலாச்சுளை மாதிரி வழுக்கிக்கிட்டு வெளியே வந்துடும். மாஸ்ட் செல் கட்டியை அப்படி எடுக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியற கட்டியைச் சுத்தி 2, 3 செ.மீ. நல்ல தோலையும், அடியில ஒரு அடுக்குத் தசைப் படலத்தையும் சேர்த்து எடுக்கறதுதான் வழக்கம். கொழுப்புன்னு நினைச்சு சுளையை மட்டும் உருவினா வேர் உள்ளயே தங்கிடும். ரெண்டாவது தடவை அறுக்கறது முதல் தடவையை விடக் கஷ்டம், பெரிய காயம். எதை அறுக்கறோம்னு தெரியாம எவ்வளவு அறுக்கறதுன்னு தெரியாது. அறுக்கறதுக்கு முன்னாடியும் ஊசி வேணும், விடறதுக்கு முன்னாடியும் ஊசி வேணும்.

ரொம்ப பயமுறுத்திட்டேனோ? நாய் உடம்புல வர்ற கட்டிகள்ல பெரும்பாலானது சாதுதான். சிலது தானா வந்து தானா போறதும் உண்டு. ரெண்டு வயசுக்குள்ள இருக்கற குட்டி நாயோட காதுலயோ, முகத்துலயோ, கால்லயோ திடீர்னு சட்டைப் பொத்தான் மாதிரி செக்கச் செவேல்னு, முடியே இல்லாம ஒண்ணு கிளம்பும். ஹிஸ்டியோசைட்டோமான்னு பேர். பேரைக் கேட்டா தூக்கம் போயிடும், ஆனா ரெண்டு மூணு மாசத்துல உடம்போட எதிர்ப்புச் சக்தியே அதைத் தின்னுடும். இன்னொண்ணு வாயைச் சுத்தி, உதட்டுல, பூக்கோசு மாதிரி வர்ற பாப்பிலோமா. வைரஸால வர்ற மரு. மத்த நாய்க்குத் தொத்தும், நமக்குத் தொத்தாது. அதுவும் பெரும்பாலும் தானா உதிர்ந்துடும்.

துஜாவோட புகழுக்குக் காரணம் இதுதான்னு நான் நினைக்கறேன். தானா விழப் போற மருவுக்குப் பக்கத்துல யார் நின்னாலும் அவங்களுக்குத்தான் மாலை. துஜா கொடுத்தவருக்கு விழுந்தது, வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசினவருக்கு விழுந்தது, தெருமுனைப் பிள்ளையாருக்கு வேண்டிக்கிட்டவருக்கும் விழுந்தது. ஒண்ணுமே பண்ணாதவருக்கும் விழுந்தது, ஆனா அவர் யார்கிட்டயும் போய்ச் சொல்றதில்லை. இந்த நம்பிக்கையில தப்பில்லை, மரு நிஜமாவே மருவா இருந்தா. (சண்டைக்கு வர்றவங்க ஊசி போட்டுட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.)

வயசான நாய்களுக்கு எண்ணெய்ச் சுரப்பியில இருந்து வர்ற மரு ஒண்ணு இருக்கு. பூடுல், காக்கர் ஸ்பானியல் எல்லாம் அதுக்குப் பேர் போனது. பார்க்க அசிங்கமா இருக்கும், சொறிஞ்சா ரத்தம் வரும், குளிப்பாட்டும்போது சீப்புல மாட்டும். மத்தபடி ஒண்ணும் பண்ணாது. அப்புறம், உள்ள கெட்டித் தயிர் மாதிரி சாம்பல் நிறச் சரக்கு இருக்கற நீர்க்கட்டி. இதைப் பார்த்தா நம்மாளுக்குக் கை சும்மா இருக்காது, பிதுக்கணும். தயவு செஞ்சு பிதுக்காதீங்க. வெளியே வர்றதை விட உள்ள உடைஞ்சு பரவறது ஜாஸ்தி. அப்புறம் அந்த இடமே வெந்து புண்ணாகும். மாஸ்ட் செல்லா இருந்தா பிதுக்கினா என்ன ஆகும்னு மேலயே சொல்லிட்டேன். மருவைச் சுத்தி நூல் கட்டறது, சுண்ணாம்பு வைக்கறது, இதெல்லாம் கூடவே கூடாது.

இன்னொரு வழக்கமும் எனக்குப் பிடிக்காதது. என்ன கட்டின்னு பார்க்காமலே "வீக்கம் குறையட்டும்"னு ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பறது. குறையும்தான். மாஸ்ட் செல் கட்டியும் ஸ்டீராய்டுக்குக் கொஞ்ச நாள் சுருங்கும், நிணநீர்ப் புத்துநோயும் சுருங்கும். நாம "கை ராசிக்கார டாக்டர்"னு நாலு பேர்கிட்ட சொல்லுவோம். மருந்து தீர்ந்ததும் திரும்பி வரும், அப்ப ஊசி போட்டுப் பார்த்தாலும் படம் கலங்கிப் போயிருக்கும்.

டாக்டர்களை மட்டும் திட்டறேன்னு நினைக்காதீங்க. ஒரு நாளைக்கு அம்பது நாய், கடிக்க வர்றது பாதி. கூட வர்ற நாம எப்படி? "டெஸ்ட் எழுதிட்டார்யா, காசு புடுங்கறான்"னு வெளியே வந்து பேசறவங்க நாமதானே. அப்புறம் அவரும் எதுக்குப் பொல்லாப்புன்னு தடவிப் பார்த்துட்டு அனுப்பிடறார். அதனால நாமளே வாயைத் திறந்து கேக்கணும்: "டாக்டர், ஒரு ஊசி போட்டுப் பார்த்துடலாமா?" இந்த ஒரு வரிக்குக் கோவிச்சுக்கிட்ட டாக்டரை நான் பார்த்ததில்லை. ஸ்லைடு பார்க்கற வசதி அங்க இல்லைன்னா, எங்க அனுப்பலாம்னு கேளுங்க. சென்னைன்னா வேப்பேரியில 1903-லேருந்து இருக்கற கால்நடை மருத்துவக் கல்லூரி. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிப் பக்கம்னா அங்கங்க கல்லூரி இருக்கு.

ஊசியில எல்லாமே தெரிஞ்சுடுமா? தெரியாது. சில கட்டி செல்லை உதிர்க்காது, வெறும் ரத்தம்தான் வரும். அப்ப திரும்ப எடுக்கணும், இல்ல பயாப்ஸிக்குப் போகணும். ஆனா மாஸ்ட் செல் பெரும்பாலும் ஊசியிலயே மாட்டிக்கும். நமக்கு வேண்டிய முதல் பதில் அதுதானே.

கொழுப்புக் கட்டிதான்னு உறுதியான பிறகும் சிலதை எடுத்துத்தான் ஆகணும். அக்குள்ல, தொடை இடுக்குல வந்து நடையைக் கெடுக்கறது, வேகமா பெரிசாகறது, தசைக்குள்ள ஊடுருவி வளர்ற ரகம். அக்குள் கட்டியை எலுமிச்சை அளவுல எடுக்கறது வேற, தேங்காய் அளவுல எடுக்கறது வேற. அதனால இடத்தைப் பார்த்து முடிவு பண்ணணும். எதை எடுத்தாலும் எடுத்ததைக் குப்பைத் தொட்டியில போட விடாதீங்க. 10 சதவீத ஃபார்மலின்ல, சதையைப் போலப் பத்து மடங்கு திரவத்துல போட்டு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்க. அவ்வளவு செலவு பண்ணி, நாயை மயக்கத்துல படுக்க வச்சு எடுத்துட்டு, அது என்னன்னு தெரிஞ்சுக்காமலே வீட்டுக்கு வர்றதை என்னால புரிஞ்சுக்கவே முடியலை.

விட்டு வைக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா, விட்டுடறதுன்னு அர்த்தம் இல்லை. நாங்க ஒரு நோட்டுல பீமாவோட உருவத்தை வரைஞ்சு (பார்க்க ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கும், அதை விடுங்க) எங்கெங்க கட்டி, எந்தத் தேதியில எத்தனை மில்லிமீட்டர்னு குறிச்சு வைக்கறோம். போட்டோ எடுத்து வைக்கறவங்க பக்கத்துல காசு வச்சு எடுக்கறாங்க. ஸ்கேல் வச்சு எடுங்க. ஒரு ரூபாய்னா எந்த ஒரு ரூபாய்? தொண்ணூறுகள்ல வந்தது 25 மில்லிமீட்டர், 2011-ல வந்தது 22. காசு மாறினா கட்டி வளர்ந்த மாதிரியே தெரியும்!

எடை விஷயம். குண்டு நாய்களுக்குக் கொழுப்புக் கட்டி அதிகம். லேப்ரடார் எந்நேரமும் பசின்னு மூஞ்சியை வச்சுக்கறதுக்கு ஜீன்லயே காரணம் இருக்குன்னு 2016-ல கேம்பிரிட்ஜ்ல கண்டுபிடிச்சாங்க. அவங்க பார்த்த லேப்ரடார்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒண்ணுக்குப் பி.ஓ.எம்.சி.ங்கற ஜீன்ல ஒரு துண்டு இல்லையாம். இதை எங்கம்மாகிட்ட சொன்னேன், மேரி பிஸ்கட் கொடுக்கறதை நிறுத்துவாங்கன்னு. "பாவம், பொறப்புலயே பசியா?"ன்னு கேட்டுட்டு ஒண்ணு எக்ஸ்ட்ரா போட்டாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. அப்புறம், மேல சொன்ன "பார்த்துக்கிட்டே இருக்கலாம்" எதுவும் பெட்டை நாயோட மடியில வர்ற கட்டிக்குப் பொருந்தாது. கருத்தடை பண்ணாத பெட்டைக்கு வயித்துப் பக்கம் காம்பை ஒட்டி உருண்டையா ஒண்ணு வந்தா, அதுல ஏறக்குறைய பாதிக்குப் பாதி கெட்டதா இருக்கும். ஊசியில நல்லது கெட்டது பிரிக்கறதும் அங்க கஷ்டம், எடுத்து ஆய்வு பண்ணித்தான் சொல்லுவாங்க. தெரு நாய்களுக்குப் பிறப்புறுப்புல ரத்தம் கசிஞ்சுக்கிட்டுப் பூக்கோசு மாதிரி இருக்கறதும் மரு இல்லை, இணை சேரும்போது தொத்தற கட்டி. அதுக்கு வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசின்னு சில வாரம் போட்டா பெரும்பாலும் குணமாயிடும். நீங்க சோறு வைக்கற தெரு நாய்க்கு அப்படி இருந்தா, "அசிங்கமா இருக்கு"ன்னு துரத்தாம யாரையாவது கூட்டிட்டு வந்து காட்டுங்க.